கூடுதல் ஓட்டுநர்: இல்லை

ஆகஸ்ட் பதினேழாம் தேதி, சனிக்கிழமை, காலை எட்டு மணி நாற்பது நிமிடத்துக்கு ஒரு படிவத்தில் நான் ஒரு டிக் அடித்தேன். கேட்காத கேள்வியைக் கேட்டதாகச் சொல்லும் டிக் அது. மூன்றரை ஆண்டு வேலையில் எத்தனையோ கட்டங்களில் டிக் அடித்திருக்கிறேன். இந்த ஒன்று மட்டும் நேரத்தோடு நினைவில் இருக்கிறது. படிவத்தின் மேல்மூலையில் நேரம் தானாக அச்சாகும் என்பதும், அந்தத் தாளைப் பிறகு பலமுறை கையில் எடுத்துப் பார்க்க நேர்ந்தது என்பதும் அதற்குக் காரணங்கள்.

அந்த வேலையை விட்டு இரண்டு மாதங்கள் ஆகின்றன. ஹவுரா ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில், ஓட்டுநர் இல்லாமல் வாடகைக்குக் கார் கொடுக்கும் ஒரு சிறிய அலுவலகம். சனி, ஞாயிறு, கல்லூரி விடுமுறை நாட்கள் ஆகியவற்றில் அதன் முன்மேசையில் இருந்தேன். மற்ற நாட்களில் ஒப்பிலக்கியம் படித்தேன். இப்போது ஆய்வுப் படிப்பு முழுநேரம் ஆகிவிட்டதால் விலகினேன். விடைபெற்ற அன்று, வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்ளும் நிமாய்-தா, "இருபத்து நாலு வயசுல ரிடையர்மென்ட். பென்ஷன் எப்போ தீதி?" என்று கேட்டார். அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். ஆனாலும் என்னைத் தீதி, அதாவது அக்கா, என்றுதான் அழைப்பார்.

இதை எழுதக் காரணம், இப்போது அந்த மேசையில் இருக்கும் இரண்டு பெண்கள். படிவம் முழுவதும் கைபேசிச் செயலிக்குப் போய்விட்டது. வாடிக்கையாளர் வீட்டிலிருந்தே எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டு, சாவி வாங்க மட்டும் வருகிறார். "இனி நாங்கள் கேட்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது, தீதி?" என்று கேட்டு எழுதியிருந்தார்கள். சுருக்கமான பதில் எனக்கு வரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் முழுவதும் கோப்புகளை அடுக்கினேன், அவ்வளவுதான். அதன்பின் மேலாளர் சுதேஷ்ணா-தி என்னைத் தன் அருகே உட்கார வைத்தார். முன்பு காப்பீட்டுச் சேத மதிப்பீட்டாளர் ஒருவரின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். குரலை உயர்த்தமாட்டார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைப்பார். அது கவிழ்ந்திருக்கும் வரை யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. "ஃபுல் இன்சூரன்ஸ்" என்ற சொல் மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து வரக்கூடாது என்பது அவர் எனக்கு விதித்த முதல் தடை. "வாடிக்கையாளர் சொல்லட்டும். அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்."

தெரிய வேண்டியவை மூன்று. சாலையில் மற்றவருக்கு நேரும் காயத்துக்கும் இழப்புக்குமான காப்பு முதலாவது. அது சட்டப்படி எல்லா வண்டிக்கும் கட்டாயம். இரண்டாவது, வண்டிக்கே நேரும் சேதத்துக்கு நிறுவனம் எடுத்து வைத்திருக்கும் பாலிசி. இது நிறுவனத்துக்கும் காப்பீட்டுக்காரருக்கும் இடையிலானது. மூன்றாவதுதான் வாடகைக்கு எடுப்பவரைத் தொடுவது. சேதம் எவ்வளவு பெரியதானாலும், ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் உங்களிடம் கேட்கமாட்டோம் என்று நாங்கள் அவருக்குத் தரும் உறுதி அது. சேதச் சலுகை என்போம். கட்டணம் செலுத்தி அதை வாங்கிக்கொண்டவர்கள் முதலிரண்டும் தங்கள் பெயரில் இருப்பதாக எண்ணிக்கொள்வார்கள். அப்படி இல்லை. அவர்களுடையது மூன்றாவது மட்டும். அதுவும் நிபந்தனைகளோடு. டயர் கிழிந்தால் இல்லை. வண்டியின் அடிப்பாகம் அடிபட்டால் இல்லை. சாவி தொலைந்தால் இல்லை. ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டினால் அறவே இல்லை.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என் முதல் மழைக்காலத்தில், தன் அண்ணன் கல்யாணத்துக்கு வண்டி எடுத்த ஓர் இளைஞர் முழங்கால் அளவு நீரில் மாட்டிக்கொண்டார். எஞ்சின் நின்றுவிட்டது. அவர் அதைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்தார். நீர் உள்ளே இழுக்கப்பட்டு எஞ்சின் முழுவதும் போயிற்று. நின்ற இடத்திலேயே விட்டு இறங்கி எங்களை அழைத்திருந்தால் அவருக்குப் பெரிய இழப்பு ஏதும் இருந்திருக்காது. பட்டு ஜிப்பாவோடு எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து, "ஆனால் இன்சூரன்ஸ் இருக்கிறதே" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்குக் கொடுத்த தாளில் ஏழாம் பத்தியில் இது எழுதப்பட்டிருந்தது. ஏழாம் பத்தியை யார் படிக்கிறார்கள்? அதன்பிறகு ஜூன் முதல் அக்டோபர் வரை நான் சாவியைக் கொடுக்கும்போது வாயால் சொல்லும் முதல் வாக்கியம் அதுவாயிற்று.

வண்டியைச் சுற்றி வருவது அடுத்த வேலை. கறுப்பு எண்பலகையில் மஞ்சள் எழுத்துள்ள எங்கள் வண்டியை, வாடிக்கையாளர் முன்விளக்கிலிருந்து தொடங்கி ஒரு முழுச்சுற்று சுற்ற வேண்டும். பழைய கீறல் ஒவ்வொன்றின்மேலும் அவரே விரலை வைக்க வேண்டும். நான் எழுதிக்கொள்வேன். "பின்கதவு, வலது, கைப்பிடிக்குக் கீழே, ஒரு சாண் நீளம், வண்ணம் மட்டும் உரிந்தது" என்று எழுதுவேன். நிமாய்-தா எட்டிப் பார்த்து, "தீதி, கீறலா இது, கவிதையா? சீக்கிரம் முடியுங்க, அடுத்த வண்டி நிக்குது" என்பார். ஆனால் தகராறு வந்தால் என் தாளைத்தான் முதலில் தேடி எடுப்பார்.

கடைசியாக ஒரு கேள்வி: வேறு யார் ஓட்டுவார்கள்? இந்தக் கேள்வியைப் பேனா பிடித்திருப்பவரிடம் கேட்கக்கூடாது, அவருக்குப் பின்னால் நிற்பவர்களைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்பது சுதேஷ்ணா-தியின் முறை. பேனா பிடித்தவர் எப்போதும் "நான்தான்" என்பார். பின்னால் நிற்பவரின் முகத்தில் பதில் இருக்கும். அப்படி ஒருவர் இருந்தால் உரிமத்தை வாங்கிப் பார்த்து, பெயரை எழுதி, கையெழுத்து வாங்க வேண்டும். மூன்று நிமிட வேலை. அது முடிந்தால், "கூடுதல் ஓட்டுநர் குறித்துக் கேட்கப்பட்டது" என்ற கட்டத்தில் டிக்.

அந்தச் சனிக்கிழமை பேனா பிடித்திருந்தவர் ராமநாதன். லேக் மார்க்கெட் பக்கம் மளிகைக் கடை வைத்திருப்பவர். எங்கள் வீட்டுக்கு இட்லி அரிசியும் அப்பளமும் அவர் கடையிலிருந்துதான் வரும். நாங்கள் சாந்த்ராகாச்சி ரயில்வே குடியிருப்பில் இருந்தாலும், அப்பா மாதம் ஒருமுறை ஆற்றைத் தாண்டி அங்கே போய் வாங்கி வருவார். என்னைப் பார்த்ததும் ராமநாதனுக்கு ஆச்சரியம்.

"கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸ்ல இருக்காரே, அவரு பொண்ணுதானே நீ? இங்கயா இருக்கே? அப்போ நம்ம வீட்டு ஆபீஸ்தான் இது."

கரக்பூரில் அவருடைய தங்கை மகளுக்கு மறுநாள் வளைகாப்பு. தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டும். மனைவி முந்தின நாளே பேரனோடு ரயிலில் போய்விட்டார். வரிசைத் தட்டுகளையும் ஐந்து வகைச் சாதத்துக்கான பெரிய பாத்திரங்களையும் ரயிலில் ஏற்ற முடியாது. டாக்சியில் போய் இறங்கவும் அவருக்கு மனமில்லை. "தாய்மாமன் சொந்தமா கார் ஓட்டிட்டு வந்தாருன்னு இருக்கட்டுமே. எந்தங்கச்சிக்கு அது ஒரு சந்தோஷம்."

அவருக்குப் பின்னால் மூன்றடி தள்ளி மருமகள் மைதிலி நின்றாள். முப்பது வயதிருக்கும். கோயம்புத்தூர்ப் பெண், கொல்கத்தாவுக்கு வந்து இரண்டு ஆண்டுகள். கணவர் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறார், ஆண்டில் பாதி நாள் கடலில். நான் கண்டவற்றை வரிசையாக எழுதுகிறேன். ராமநாதன் படிவத்தை ஒரு கை தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தார். கையெழுத்திட வேண்டிய இடத்தைத் தவறவிட்டார். மைதிலி ஒரு விரலால் கோட்டைக் காட்டினாள். வண்டியைச் சுற்றி வந்தபோது ரிவர்ஸ் கியர் எந்தப் பக்கம் என்று கேட்டது மைதிலி. பக்கக் கண்ணாடிகளின் கோணத்தைப் பார்த்தது மைதிலி.

ஆகவே எனக்குத் தெரியும். கேட்கவில்லை. கேட்டால், அந்த வீட்டுப் பெரியவரின் பெயருக்குப் பக்கத்தில் மருமகளின் பெயரை, அவர் எதிரிலேயே, அவருக்குத் தெரிந்தவர் மகளாகிய நான் எழுத வேண்டியிருக்கும். "அங்கிள், நீங்க ஓட்டலையா?" என்ற கேள்வி என் வாயில் வந்து நின்றது. அது அவமதிப்பாகப்பட்டது. "இல்லை" என்று எழுதி, பக்கத்துக் கட்டத்தில் டிக் அடித்தேன். சாவியைக் கொடுத்தேன். தண்ணீரைப் பற்றிய வாக்கியத்தை மட்டும் தவறாமல் சொன்னேன்.

மறுநாள் ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி வாக்கில், திரும்பி வரும் வழியில் உலுபேரியாவுக்கு அருகே முன்னால் போன சரக்கு வேன் ஒன்று திடீரென்று நின்றது. மோதாமல் இருக்க மைதிலி வலப்புறம் ஒடித்தாள். வண்டி நடுச்சுவரில் உரசி ஏறி நின்றது. வலது முன்சக்கரம் உள்ளே மடங்கிவிட்டது. கதவு திறக்கவில்லை. இருவருக்கும் காயமில்லை. வேன் நிற்காமல் போய்விட்டது. ஆறு மணிக்கு இழுவை வண்டி எங்கள் இடத்துக்குக் காரைக் கொண்டுவந்தது. அதே வண்டியில் ஓட்டுநர் பக்கத்தில் இருவரும் நெருங்கி உட்கார்ந்து வந்திறங்கினார்கள். மைதிலியின் கையில் ஒரு டஜன் கண்ணாடி வளையல், ஒன்றும் உடையாமல்.

சம்பவ அறிக்கையை மேசைக்காரர்தான் நிரப்ப வேண்டும். முதல் வரி: விபத்தின்போது ஓட்டியவர் யார்?

ராமநாதன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நான்தான் ஓட்டினேன்னு எழுதிரும்மா. எம்பேருதானே அதுல இருக்கு. ஒரு சிக்கலும் வராது."

"மாமா, வேண்டாம்," என்றாள் மைதிலி.

"நீ சும்மா இரு."

"ஜூன்லதான் உங்களுக்குக் கண் ஆபரேஷன் ஆச்சு. டாக்டர் வண்டியைத் தொடக்கூடாதுன்னிருக்கார். நாளைக்கு மதிப்பீடு செய்யறவர் வந்து கேட்டா என்ன சொல்வீங்க? எந்தக் காலால பிரேக் அமுத்துனீங்கன்னு கேட்டாக்கூட உங்களுக்குச் சொல்லத் தெரியாது, அந்நேரம் நீங்க தூங்கிட்டிருந்தீங்க."

"கண்ணை மூடிட்டிருந்தேன். தூங்கல."

"குறட்டை விட்டீங்க மாமா."

நிமாய்-தாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் குறட்டையை மைதிலி நடித்தே காட்டியதால் அவருக்கும் புரிந்துவிட்டது. வெளியே போய்விட்டார்.

மைதிலி என்னிடம் திரும்பினாள். "நான் ஓட்டினேன். ஆறு வருஷமா லைசன்ஸ் இருக்கு. பையிலயே வச்சிருந்தேன். யாராவது கேட்டிருந்தா எடுத்துக் கொடுத்திருப்பேன்." குற்றம்சாட்டும் குரல் இல்லை. உள்ளதைச் சொன்னாள்.

அப்போதுதான் சுதேஷ்ணா-தி உள்ளறையிலிருந்து சனிக்கிழமைப் படிவத்தோடு வந்தார். நின்றபடியே அதைப் படித்துவிட்டு, ராமநாதனிடம் வங்காளியில் நிதானமாக விளக்கினார். வண்டியின் பாலிசிக்கு, செல்லத்தக்க உரிமம் உள்ள யார் ஓட்டியிருந்தாலும் சிக்கல் இராது. சிக்கல் எங்கள் உறுதியில். வேறு யாரும் ஓட்டமாட்டார்கள் என்று எங்களிடம் சொல்லிவிட்டு இன்னொருவர் ஓட்டியிருந்தால் சேதச் சலுகை கிடையாது. பழுதுபார்ப்பு முழுவதும் வாடிக்கையாளரைச் சேரும். நாற்பது ஆண்டு லேக் மார்க்கெட் வியாபாரம். ராமநாதனுக்கு வங்காளி ஒரு சொல்லும் தவறவில்லை. மைதிலிக்குப் பாதிதான் விளங்கியிருக்கும். அவள் என்னைப் பார்த்தாள். நான் தமிழில் சொன்னேன். "கார் வாங்கணும்னு சேத்து வச்சிருக்கேன், கடைச் சரக்கெடுக்க. அதுலருந்து குடுத்துடலாம் மாமா," என்றாள் அவள்.

சுதேஷ்ணா-தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றவில்லை. என்னைப் பார்த்து ஒரு சொல்தான் கேட்டார்.

"கேட்டாயா?"

நான் வாய் திறப்பதற்குள் ராமநாதன் பதில் சொன்னார், வங்காளியில், கடையில் நாள்பட்ட வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தும் குரலில். "கேட்டாங்க, கேட்டாங்க. பொண்ணு சரியாத்தான் கேட்டுச்சு. நான்தான் வேற யாரும் இல்லைன்னு சொன்னேன்."

ஒரு நிமிடத்துக்கு முன்புதான், அப்படிச் சொல்வதால் தனக்கு என்ன நேரும் என்பதை முழுவதும் கேட்டறிந்திருந்தார். இருந்தும் சொன்னார். தெரிந்தவர் வீட்டுப் பெண்ணின் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது என்பது தவிர வேறெதையும் அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. நான் சனிக்கிழமை அவருக்குக் காட்டிய மரியாதையை அவர் ஞாயிற்றுக்கிழமை எனக்குத் திருப்பிக் காட்டினார். இரண்டுக்கும் மைதிலியின் சேமிப்புதான் விலை.

படிவத்தில் என் டிக் இருந்தது. கீழே அவர் கையெழுத்து இருந்தது. இப்போது அவர் வாய்மொழியும் சேர்ந்துவிட்டது. நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தாலே போதும். இயல்பாகவே நான் அதிகம் பேசாதவள். அந்த இயல்பு அவ்வளவு வசதியாக எனக்கு அதற்கு முன் அமைந்ததில்லை.

"கேட்கவில்லை," என்றேன். "டிக் அடித்தேன். கேட்கவில்லை. மருமகள்தான் ஓட்டப்போகிறார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது."

"எப்படித் தெரியும்?"

ரிவர்ஸ் கியரைச் சொன்னேன். கண்ணாடிகளைச் சொன்னேன். கோட்டைக் காட்டிய விரலைச் சொன்னேன். ராமநாதன், "என்னம்மா இதெல்லாம், விடும்மா," என்று தமிழில் முணுமுணுத்தார். சுதேஷ்ணா-தி கண்ணாடியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தார்.

"எழுது," என்றார்.

எழுதினேன். முதல் வரைவில், வாடிக்கையாளர் என் குடும்பத்துக்குத் தெரிந்தவர், வயதில் மூத்தவர், அதனால் கேட்கத் தயங்கினேன் என்று நான்கு வரிகள் இருந்தன. சுதேஷ்ணா-தி அந்த நான்கையும் அடித்தார். "இது தலைமை அலுவலகத்துக்குத் தேவையில்லை. என்ன செய்தாய், என்ன செய்யவில்லை, எத்தனை மணிக்கு. அது போதும்." இரண்டாவது வரைவு மூன்று வாக்கியங்கள். கையெழுத்திட்டேன். மேசையின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். அவர் அறிக்கையை உறையிலிட்டார். பிறகு, காவல் நிலையத்தில் பொது டைரிப் பதிவு இல்லாமல் காப்பீட்டுக்காரர் கோப்பைத் திறக்கமாட்டார், அந்தப் பெண்ணுக்கு வங்காளி வராது, மாமனாரைக் கூட்டிப்போனால் அவர் மறுபடி ஏதாவது தானம் செய்துவிடுவார் என்றார். அவர் நகைச்சுவையாகப் பேசி நான் கேட்டது மிகச் சிலமுறைதான்.

தலைமை அலுவலகத்தின் முடிவு மூன்று வாரம் கழித்து வந்தது. ஊழியருக்குத் தெரிந்தே பெயர் பதியப்படாமல் போனதால் தவறு அலுவலகத்தினுடையது, சலுகை செல்லும் என்று எழுதியிருந்தார்கள். ராமநாதன் குடும்பம் ஒப்பந்தத்தில் சொன்ன வரம்புத் தொகையை மட்டும் கட்டியது. என்னை இரண்டு மாதம் மேசையிலிருந்து எடுத்து, வண்டி நிறுத்துமிடத்தில் நிமாய்-தாவோடு கீறல் எழுத விட்டார்கள். அது தண்டனை என்று எழுத்தில் இல்லை. ராமநாதன் அடுத்த மாதம் அப்பாவிடம் அரிசிக்கு விலை சொன்னபோது, "உங்க பொண்ணு ரொம்ப நேரா இருக்கா, கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கக் கத்துக் கொடுங்க," என்றாராம். அப்பா அதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் எனக்காகச் செய்யத் துணிந்ததை நான் சபையில் மறுத்தது அவரை இன்னும் உறுத்துகிறது என்று நினைக்கிறேன். அந்தக் கணக்கில் நான் சரியாக நடந்தேனா என்பது இன்றும் எனக்கு முழுத்தெளிவில்லை.

மேசையில் இருப்பவர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். செயலியில் அந்தக் கேள்வி இப்போதும் இருக்கிறது, அதே கட்டத்தோடு. வீட்டில் கைபேசி யார் கையில் இருக்கிறதோ அவர் அதை நிரப்புவார். சாவி வாங்க வருபவரோடு இன்னொருவர் வந்து மூன்றடி தள்ளி நிற்பார். அவர் வண்டியின் கண்ணாடியைத் திருப்புகிறாரா என்று பாருங்கள். திருப்பினால், பெரியவருக்கு எவ்வளவு சங்கடமாக இருந்தாலும், தள்ளி நிற்பவரின் பெயரைக் கேளுங்கள்.

அந்த ஞாயிறுக்கு மறுநாள் திங்கட்கிழமை எனக்குக் காலை பத்து மணிக்கு ஒரு தேர்வு இருந்தது. பேராசிரியருக்கு வர இயலாது என்று செய்தி அனுப்பிவிட்டு, சாந்த்ராகாச்சியிலிருந்து ஏழே காலுக்கு லோக்கல் பிடித்தேன். மைதிலி ஹவுராவிலிருந்து அதே ரயிலில் வந்திருந்தாள். உலுபேரியாவில் இறங்கி டோட்டோ எனும் மின்ரிக்‌ஷாவில் காவல் நிலையத்துக்குப் போனோம். பணியிலிருந்த அதிகாரி தேநீரை முடித்துவிட்டு டைரியைத் திறந்தார். வேனின் நிறம், நேரம், நடுச்சுவரின் இடம் எல்லாவற்றையும் மைதிலி தமிழில் சொன்னாள், நான் வங்காளியில் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், ஓட்டியது யார், கணவரா என்று கேட்டார். நான் மொழிபெயர்க்கத் தொடங்கினேன். மைதிலி என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"ஆமி சாலாச்சிலாம்," என்றாள் அவரிடம். நான் ஓட்டினேன்.

அவர் பெயரைக் கேட்டார். அந்தப் பெயர் அவருக்குப் பழக்கமில்லாதது. டைரியை என் பக்கம் திருப்பி, நீங்களே எழுதுங்கள் என்றார். மைதிலி தன் உரிமத்தைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். அதைப் பார்த்து, ஓர் எழுத்தும் விடாமல், ஓட்டுநர் என்ற சொல்லுக்கு எதிரே எழுதினேன்.